கச்சான் கொட்டிலில் பிடிபட்ட தலைப்புகள்

எனக்குப் பெருமை கொஞ்சம் கூட. அதை ஒளித்து எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வரும் ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்குப் பன்னிரண்டு வருடமாகத் தலைப்புப் போடுகிறவள் நான். செய்தியை நிருபர்கள் எழுதுவார்கள், படத்தை வேறு யாரோ எடுப்பார்கள். செய்தியின் தலையில் கிடக்கும் அந்த நாலைந்து சொல் மட்டும் என்னுடையது. அதன் கீழே என் பெயர் வராது. வந்திருந்தால் எனக்கு இன்னும் தலைக்கனம் ஏறியிருக்கும், நல்லவேளை.

அதற்கு முதல் தொண்டர் ஆசிரியையாக வரலாறு படிப்பித்தேன். நிரந்தர நியமனம் வருகிறது, வருகிறது என்றார்கள். வரவேயில்லை. வெறுத்துப்போய் விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தேன். ஆனாலும் பட்டம் விட்டுப்போகவில்லை, அலுவலகத்தில் எடிட்டர் முதல் அச்சுக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் நான் ரீச்சர்தான்.

வரலாறு படிப்பித்தவளின் கையில் தலைப்பைக் கொடுத்தால் அவள் சும்மா இருப்பாளா? புளியங்குளம் பக்கம் யானைகள் வயலுக்குள் இறங்கி நெல்லை மிதித்து அழித்த செய்தி ஒருமுறை வந்தது. ‘யானைகளால் பயிர் நாசம்’ என்று போட யாராலும் முடியும். நான் போட்டது, ‘திறையாகப் போன யானைகள் திறை கேட்டு வந்தன’. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் வன்னிப் பக்கத்துத் தலைவர்கள் யானை பிடித்து அவர்களுக்குத் திறையாகக் கட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு நாங்கள் யானையைக் கொடுத்தோம், இன்றைக்கு யானை தானே வந்து எங்கள் நெல்லை வாங்கிக்கொண்டு போகிறது. அந்தத் தலைப்பு அச்சேறிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

மின்வெட்டு மணிக்கணக்காக நீண்ட வருடத்தில் ‘மேசைக்குத் திரும்பியது ஜாம் போத்தல் விளக்கு’ என்று போட்டேன். யுத்தத்தில் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக ஜாம் போத்தலுக்குள் விட்டு, திரி போட்டு எரித்த விளக்கை இங்கே நடுத்தர வயதைத் தாண்டிய எவரும் மறக்கவில்லை. பரந்தனில் கிணறுகள் வற்றிய ஒரு ஆவணியில் ‘குளோரின் கொடுத்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை’ என்று போட்டேன். அங்கே முந்தி இருந்த இரசாயனத் தொழிற்சாலையை நினைத்து எழுதியது அது. இப்படி எத்தனையோ. ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் கதிரையில் சாய்ந்து, என்னை நானே ஒருதரம் மெச்சிக்கொள்வேன்.

எங்கள் எடிட்டர் நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. ஆனால் இந்த விசயத்தில் அவருக்கும் எனக்கும் ஒத்தே வராது. போன வருடம் ஆவணி முடிகிற நேரம், ஒருநாள் பக்கம் முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். தேத்தண்ணியும் வந்தது. எடிட்டர் தேத்தண்ணி வாங்கித் தந்தால் ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரியும்.

“ரீச்சர், உங்கட தலைப்பு எனக்கு விளங்குது. உங்களுக்கு விளங்குது. வேற ஆருக்கு விளங்குது?”

இப்போது பத்திரிகையைப் போனில் பார்க்கிற சனம்தான் கூட என்றும், தலைப்பு விளங்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றும், முதலாளி நேரடித் தலைப்புத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலு கிழமைக்கு, அதாவது நாலு இதழுக்கு, அவரே தலைப்புப் போட்டுப் பார்ப்பாராம். அதற்குள் பழைய தலைப்பு எங்கே என்று ஒரே ஒரு வாசகராவது கேட்டால் வேலை திரும்ப எனக்கு. ஒருவரும் கேட்காவிட்டால் நான் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. ஒருவர் என்ன, ஊரே திரண்டு வந்து கேட்கும், இருந்து பாருங்கோ என்று சொல்லிவிட்டு, அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வந்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்து எனக்கே சிரிப்பாக இருந்தது. ஊர் திரண்டு வருமாம்.

முதற்கிழமை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் கிழமை ஒரே ஒரு அழைப்பு வந்தது, ராசிபலனில் மகர ராசி விடுபட்டுப் போனதற்காக. எடிட்டர் அதைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை முரசுமோட்டைக்குப் போனேன். நான் பிறந்த ஊர் அது. குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்துக் குடியேறிய ஆட்களின் ஊர். எனக்குச் சித்தப்பா முறையான ஒருவர் அங்கே இருக்கிறார், எங்கள் பத்திரிகையை விளம்பரம் முதற்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். அவருக்கு விளங்கியிருக்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்? யானைத் தலைப்பு ஞாபகம் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன்.

நல்ல ஞாபகம் இருந்தது அவருக்கு. “அதோ? யானைக்கு நெல்லு ஒதுக்கச் சொல்லி அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டு வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை. கூட்டத்தில எழும்பிக் கேட்டும் போட்டன்.”

காலபோக நெற்செய்கை தொடங்க முதல் விதைப்பு நாளையும் தண்ணீர் திறக்கும் நாளையும் தீர்மானிக்கக் கமக்காரர்களும் அதிகாரிகளும் கூடுகிற கூட்டத்தைச் சொன்னார். அத்தனை பேர் நடுவில் எழும்பி, யானைத் திறை ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டிருக்கிறார். அதைவிட, பின்னால் இருந்த நாலு பேர் குத்தகைக் காணிக்கும் அது பொருந்துமா என்று கேட்டார்களாம். மேடையில் இருந்த அதிகாரி முழிபிதுங்க, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லி முடிக்க அரைமணித்தியாலம் போனதாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒல்லாந்தர் கதையைச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் ஒல்லாந்தர் என்று போட்டிருக்கலாமே என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மரண அறிவித்தல் பக்கமும் ஒரு பக்கம்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மனம் தேறவில்லை. பன்னிரண்டு வருடம் வெறும் சுவருக்குக் கதை சொன்ன மாதிரி இருந்தது.

மூன்றாம் கிழமையும் போனது. நாலாம் கிழமை புதன்கிழமை மத்தியானம் எடிட்டரின் மேசையில் போன் அடித்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண்ணின் குரல். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பேப்பர் ஆபீசுங்களா? தலைப்புப் போடுறவங்க செத்துப்போயிட்டாங்களா?”

எடிட்டரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒன்றும் இல்லையே, ஏன் கேட்கிறீர்கள் என்றார். மூன்று வாரமாகத் தலைப்பில் ஒன்றுமே இல்லை என்று அந்தக் குரல் சண்டைக்கு வந்தது. புளியங்குளத்துக்கு உள்ளே ஒரு குடியேற்றத்திலிருந்து பேசுகிறார்களாம். விதைக்கென்று கச்சான், அதுதான் நிலக்கடலை, உடைக்கிற பெண்களாம். தலைப்பை வைத்துத்தான் அவர்களுக்கு வேலையே ஓடுகிறதாம், இப்போது தலைப்பைக் கேட்டால் கொட்டாவிதான் வருகிறதாம். எடிட்டர் என்னைப் பார்த்தார். நான் எழும்பிப் போய்ப் போனுக்குக் கிட்ட நின்று, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் ‘அக்கா, அவங்க இருக்காங்களாம்’ என்று மற்றவர்களுக்குச் சொல்வதும், ஒரே சிரிப்பும் கேட்டது.

எடிட்டர் சொன்ன சொல் மாறாதவர். கையைக் கழுவிவிட்டு வந்து அந்தக் கிழமையின் பக்கங்களை அப்படியே என் பக்கம் தள்ளினார். முதலாளிக்கு அவரே சொல்லிக்கொள்வாராம். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் எனக்கு ஏதோ பதவி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமையே புளியங்குளத்துக்குப் பஸ் ஏறினேன். சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்து உள்ளே போனால், ஒரு பெரிய வேப்பமரத்துக்குக் கீழே தகரம் போட்ட கொட்டில். எட்டுப் பத்துப் பெண்கள் சாக்கு விரித்து இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக்கு என்றால் மெசினில் உடைக்க முடியாது, பருப்புப் பிளந்துவிடும். மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் கையால் உடைத்தாக வேண்டும். நடுவில் ஒரு மர வாங்குப் பலகையில் என் வயதுள்ள ஒரு பெண் பத்திரிகையோடு இருந்தார். போனில் பேசியவர் அவர்தான். யுத்தத்தில் ஷெல் பட்டதிலிருந்து அவருடைய வலது கை விரல்கள் மடங்காது. அதனால் அவருடைய பங்கை மற்றவர்கள் பகிர்ந்து உடைப்பார்கள், அவர் அவர்களுக்குப் பத்திரிகை வாசிப்பார். எல்லாரும் அவரை வாசிக்கிற அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அவை. பிறந்தது வன்னியில் என்றாலும் வீட்டுப் பேச்சு இன்னும் மலையகத்துப் பேச்சுத்தான்.

அவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. வாசிக்கிற அக்கா தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துவார். அது எந்தப் பழைய கதையைத் தொடுகிறது என்று முதலில் சொல்கிறவள் பிடித்தவள். அவளுடைய குவியலுக்கு மற்றவர்கள் ஆளுக்கு ஒரு சிரங்கை பருப்பு, உள்ளங்கை நிறைய, அள்ளிப் போட வேண்டும். தகராறு வந்தால் தீர்க்க, வாங்குக்குக் கீழே பிள்ளைகளின் பழைய வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு கிடந்தன. யானைத் தலைப்பைப் பிடித்தது ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண். அன்றைக்கு அவளுக்கு விழுந்த பருப்பால் அவளுடைய சாக்குத்தான் முதலில் நிறைந்தது என்று மற்றவர்கள் இன்னும் புகைந்துகொண்டிருந்தார்கள். நான் அவளைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஒருத்தருக்கும் பிடிபடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாசிக்கிற அக்கா தூணில் கட்டியிருந்த ஒரு பழைய பால்மாத் தகர ரின்னைக் காட்டினார். பிடிபடாத நாளில் ஒரே ஒரு பருப்பு அதற்குள் விழும், தலைப்புப் போட்டவர் வென்றதாகக் கணக்கு. என்றைக்காவது அவர் வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்களாம். அவிழ்த்துக் கையில் தந்தார். ஆசையோடு எட்டிப் பார்த்தேன். அடியில் நாலைந்து பருப்புச் சுருங்கிப்போய்க் கிடந்தது, அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள். அவ்வளவு வெறுமையான ரின்னைப் பார்த்து ஒரு மனுசி அவ்வளவு பெருமைப்பட்டிருக்கவே மாட்டாள்.

ஒன்றை மட்டும் இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன். முல்லைத்தீவில் மீனவர்களின் ஐஸ் இயந்திரத்தைத் திருத்தக் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை என்ற செய்திக்கு, ‘முல்லைத்தீவிலிருந்து கொண்டுபோனது திரும்பவில்லை’ என்று ஒருமுறை போட்டிருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். வன்னியின் கடைசி அரசன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பீரங்கியைக் கொண்டுபோன கதையை எவ்வளவு நுட்பமாக வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். சத்தியமாக எனக்கு அந்த நினைவே வரவில்லை. அன்றைக்கு எனக்குத் தலையிடி, வாயில் வந்ததைப் போட்டுவிட்டுப் போனவள் நான். ஆனால் அவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓம், அதுதான் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

புறப்படுகிற நேரம் வாசிக்கிற அக்கா ஓட்டோ வரைக்கும் கூட வந்தார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கிற மாதிரியும் சொல்லவில்லை.

“உங்க தலைப்புல ஒல்லாந்தன் வந்துட்டான், ராசா வந்துட்டாரு, ஜாம் போத்தல்கூட வந்துருச்சு. எங்க ஆளுங்க மட்டும் இன்னும் வரலைங்க.”

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் வாய் சும்மா இருக்காதே. வன்னி வரலாற்றுப் புத்தகத்தில் உங்கள் ஆட்களைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“புத்தகத்துல இல்லைங்க,” என்றார் அவர். “நாங்க இருக்கோமே.”

பிறகு அவரே சொன்னார். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகுதான் இவர்கள் வன்னிக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கென்று இந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்து இறங்கியபோது றோட்டும் இல்லை, ரயிலும் இல்லை. மலைக்குப் போக இந்த வன்னிக் காட்டைத்தான் நடந்து கடந்தார்கள். காய்ச்சலில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். அதற்கு நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அவர்களின் சந்ததியினர் மலையிலிருந்து அடித்து விரட்டப்பட்டு அதே காட்டுக்குத் திரும்பி வந்தார்கள். நான் வரலாறு படிப்பித்தவள். அந்த நடையைப் பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். அது என் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற காடு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கிளிநொச்சி வரைக்கும் அந்த ரின்னை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஐப்பசி தொடங்கியபோது ஒரு செய்தி வந்தது. அந்தக் குடியேற்றத்துக் குடும்பங்களுக்கு, இத்தனை வருடம் இழுத்தடித்த பிறகு, காணிப் பத்திரம் கொடுக்கிறார்கள். நிருபர் நாலு பந்தி எழுதியிருந்தார். நான் தலைப்புக்கு உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். அரசனும் கோட்டையும் யானையும் என்றால் கை தானாக ஓடும். இதற்குக் கை ஓடவில்லை, பயமாக இருந்தது. பிழைத்தால் அந்தக் கொட்டிலில் இனி நான் முகம் காட்ட முடியாது. கடைசியாக நாலே நாலு சொல்லில் வந்தது. ‘நடந்து கடந்த காட்டில் சொந்தக்காணி’.

எடிட்டர் பார்த்துவிட்டு, யார் நடந்தது, எங்கே நடந்தது என்று கேட்டார். பொறுங்கோ ஐயா, பிடிக்கிற ஆக்கள் பிடிப்பினம் என்றேன். தலையைச் சொறிந்தார், ஆனால் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகைக் கட்டுப் போகிற அதே பஸ்ஸில் நானும் போனேன். ரின்னும் என்னோடு வந்தது, பழைய இடத்தில் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். மழை தொடங்கப்போகிற இருட்டு. கடைசிச் சாக்குகள்தான் மிச்சம். நான் ஒரு ஓரத்தில் இருந்துகொண்டேன். வாசிக்கிற அக்கா பத்திரிகையை விரித்து, தொண்டையைச் செருமி, தலைப்பை வாசித்தார்.

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. யானைத் தலைப்பைப் பிடித்தவள்கூடக் குனிந்துகொண்டே இருந்தாள். ஐயோ, பிடிபடவில்லை, அவர்களுடைய கதையையே அவர்களுக்கு விளங்காமல் எழுதிவிட்டேனே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், கச்சான் உடைகிற சத்தம் நின்றிருந்தது. அத்தனை பேரின் கைகளும் மடியில் கிடந்தன. பிள்ளைத்தாச்சிப் பெண் நிமிராமலே, மறுபடி வாசிங்கக்கா என்றாள். வாசித்தார். இன்னொருதரம் கேட்டார்கள். அதையும் வாசித்தார்.

“இதுக்கு யாரு யாருக்குப் போடுறது?” என்று பிள்ளைத்தாச்சிப் பெண் கேட்டாள். “எல்லாருக்கும்ல பிடிபட்டுருச்சு.”

வாசிக்கிற அக்கா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் குனிந்து ஒரு கச்சானை எடுத்தார். வாங்குப் பலகையில் வைத்து, இடது கைப் பெருவிரலால் அழுத்தினார். முதல்தரம் வழுக்கியது. இரண்டாம்தரம் உடைந்தது. இரண்டு பருப்பு, தோல் கிழியாமல் வந்தது. எழும்பி வந்து தூணில் இருந்த ரின்னுக்குள் போட்டார்.

“பிடிபடாததுக்கு இல்லைங்க இது,” என்று ரின்னை அவிழ்த்து மறுபடி என் கையில் தந்தார்.

திங்கட்கிழமை அந்த ரின்னைக் கொண்டுபோய் எடிட்டரின் மேசையில், போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன ரீச்சர் என்று கேட்டார்.

“வாசகர் கடிதம், ஐயா,” என்றேன்.